நிறமில்லாத பாறை

எஸ்போவில் பிப்ரவரி.
மூன்றரை மணிக்கே இருட்டு வந்து
கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொள்கிறது.

கைனூ ஆற்று மணலில் ரௌனி பொறுக்கிய
சிர்க்கான் மணிகள் நூற்றிருபது.
யுரேனியம் ஈயமான கணக்கில்
எல்லாம் ஒரே வயது: இருநூற்றெழுபது கோடி ஆண்டு.

எழுபத்தொன்பதாவது மட்டும்
ஓரத்தில் அதையே சொல்லிவிட்டு
உள்ளே வேறு சொல்கிறது:
முந்நூற்று நாற்பது.

"கருவி சொதப்பியிருக்கும்,"
காப்பியை ஆற்றியபடி ஓஸ்மோ.
மறுபடி சுடுகிறாள். அதே எண்.
ஹாஃப்னியம் வேறு குட்டை உடைக்கிறது:
அந்தக் குழம்பே புதிதல்ல,
அதற்கும் மூத்த பாறையொன்று உருகியது.

எங்கே அது?
வரைபடத்தில் அதற்கு நிறமில்லை.
ஏரிக்கடியிலா,
யாருடைய உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குக் கீழா?

நிறப்பென்சில் பெட்டியைத் திறந்து
மூடிவைக்கிறாள்.
மணியின் நடுவில் லேசர் போட்ட மூன்று குழிகள்.
நான்காவதற்கு இடமில்லை.