விருப்ப ஒழுங்கு

கொமினிகேஷன் கடைப் பையன்
பக்கத்துக்கு இருபது ரூபா என்றான்.
கைநூலோ முந்நூறு பக்கம்.
தேவையான நாற்பதை மட்டும் அடித்தெடுத்து
சொப்பிங் பேக்கில் சுற்றி
நோர்வூட் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
கோழிக்குஞ்சா என்று கேட்டார்
பக்கத்தில் இருந்தவர்.
அப்படித்தான் பிடித்திருந்தேனாக்கும்.

பெக்டரியில் எனக்கு இரவு ஷிப்ட்.
மேல்மாடியில் விசிறிகள் இரைய
கொழுந்துத் தொட்டியின் விளிம்பில்
தாள்களைப் பரப்பி வாசித்தேன்.
வெட்டுப்புள்ளி. மாவட்டக் கோட்டா. தகைமை.
எல்லாம் தமிழ்தான்.
கொழுந்து எத்தனை மணிக்கு வாடுமென்று
தொட்டே சொல்லிவிடுவேன்.
இந்தத் தாளைத் தொட்டால்
ஒன்றும் பிடிபடவில்லை, லோஜினி.

அதற்குள் பெயரில் வந்தது சிக்கல்.
அடையாள அட்டையில் நான் மருதவீரன்.
உன் பிறப்புச் சான்றிதழில் மருதவீர.
சிங்களத்தில் பதிந்தவர்
கடைசி எழுத்தை விட்டுவிட்டார்.
இருபது வருஷம்
ஓர் எழுத்துக் குறைந்த ஆளாகத்தான்
உனக்கு அப்பனாக இருந்திருக்கிறேன்,
பெரட்டில் ஒருவரும் கேட்டதில்லை.
சமாதான நீதவான் வீட்டில்
செருப்பைக் கழற்றிவிட்டு நின்று
இருவரும் ஒருவரே எனச் சத்தியக் கடதாசி முடித்தேன்.
கையெழுத்தில் அந்த 'ன்'னைப் பெரிதாகப் போட்டு
கடதாசி ஓட்டையாகும்படி
புள்ளி குத்தினேன்.

கிராம சேவகர் வீட்டிலக்கம் கேட்டார்.
ஏழாம் லயம், நாலாம் காம்பரா.
அது இலக்கமில்லை என்றார்.
பின்னே என்னவென்று நானும் கேட்கவில்லை.
அவரே ஏதோ எழுதிக்கொண்டார்.

குவைத்திலிருந்து உன் அம்மா வொய்ஸ் அனுப்பினாள்:
"டீச்சராகிற மாதிரி ஒன்ன மொதல்ல போடுங்க.
கிட்டத்துலயே இருக்கட்டும் புள்ள."
பின்னால் யாரோ வீட்டுக் குழந்தை அழுதது.
எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.
பௌதிக விஞ்ஞானம், முகாமைத்துவம் என்று
ஒன்பது வரி பென்சிலால் எழுதி
உன் கொப்பிக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

விடிந்து வந்து பார்த்தால்
பட்டியலின் தலைமேல்
உன் பேனை:
நில அளவை விஞ்ஞானம்.

"அளக்கிற வேலையா?"
"அளக்கிற வேலதான்."
அடுப்பை ஊதப் போய்விட்டாய்.

நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது
ஆளுக்கு ஏழு பேர்ச்சஸ் என்று அளக்க வந்தார்கள்.
முக்காலி, அதன்மேல் கண்ணாடி,
சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு கோல்.
கோல் பிடிக்க வேண்டியவன் வரவில்லை, நீ பிடித்தாய்.
பகல் சங்கு ஊதும்வரை அந்தச் சரிவில் நின்றாய்.
காலில் அட்டை ஏறி ரத்தம் குடித்தது,
அசையக் கூடாதென்று அவர் சொல்லியிருந்ததால்
குனியவேயில்லை.
நாலு மூலைக்கும் ஆப்பு அடித்துவிட்டுப் போனார்கள்.
வீடு வரவில்லை.
மூன்று ஆப்பு மண்ணோடு சரிந்து போயிற்று.
மிஞ்சியதில்தான் ஆட்டைக் கட்டுகிறோம்.

காடு மேடெல்லாம் அலைய வேண்டுமே என்றேன்.
"இப்ப மட்டும் எங்கப்பா நிக்கிறோம்?"

பெலிஹுலோயா எந்தப் பக்கமென்று
ஹட்டன் ஸ்டாண்டில் மூன்று கண்டக்டரிடம் கேட்டேன்.
ஆளுக்கொரு வழி சொன்னார்கள்.
உன் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது
வெகுநேரம் ஒன்றும் வரவில்லை.
பிறகு எட்டு விநாடிக்கு ஒரு வொய்ஸ்:
"அங்க குளிருமா? கம்பளி வாங்க சல்லி அனுப்புறேன்."

கடைசி நாளுக்கு முதல் நாள்
கடைப் பையன் எலியைப் பிடித்தபடி கேட்டான்,
ஒழுங்கு இதுதானா, பிறகு மாத்தேலாது.
நீ என்னைப் பார்த்தாய்.
நான் திரையைப் பார்த்தேன்.
தந்தை பெயர் என்ற இடத்தில்
ன் இருந்தது.
"அடி தம்பி."

ஞாயிற்றுக்கிழமை ஆட்டை அவிழ்த்து
கொய்யா மரத்தடியில் கட்டினேன்.
ஏனென்று நீ கேட்கவில்லை.
புது இடம் பிடிக்காமல்
ராத்திரி முழுக்கக் கத்தியது சனியன்.