வில்லிவாக்கம் ஒண்ணு

இருபத்திரண்டு வருடம்
பெரம்பூர் ஸ்டேஷன் கவுண்டரில் உட்கார்ந்தபடியே
ஊரை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.
எனக்குத் தெரிந்த நடை
நாற்காலியிலிருந்து தண்ணீர் கேன் வரை,
திரும்ப நாற்காலி வரை.

சர்க்கரை நூற்றி எண்பத்தாறு என்று
ரயில்வே ஆஸ்பத்திரி காகிதம் சொன்ன மறுநாள்
மகனின் பழைய ஷூவில்
இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக் காலைத் திணித்து
விடிவதற்குமுன் இறங்கினேன்,
வில்லிவாக்கத்துக்கு.
நேராக வில்லிவாக்கத்துக்கு.

பள்ளியில் நானூறு மீட்டரில் இரண்டாவது வந்தவள்.
கால் அதை ஞாபகம் வைத்திருக்கும் என்று
எப்படித்தான் நம்பினேனோ.
கேரேஜ் வொர்க்ஸ் சுவர் முடிவதற்குள்
விலாவில் ஒரு கத்தி.
லோகோ பக்கம் வரும்போது
முட்டி இரண்டும் வேறு யாருடையதோ.
அப்போதும் நிற்கவில்லை.
நிற்க வெட்கம்.
பால் பாக்கெட் போடுகிற பையன்
சைக்கிளை மெதுவாக்கிக் கேட்டான்:
"அக்கா, ஆட்டோ கூப்பிடவா?"

கூப்பிட்டான்.

பத்து நாள் மாடிப்படியில்
பின்பக்கமாக இறங்கினேன்,
கைப்பிடியைக் கட்டிக்கொண்டு,
கீழ்வீட்டு மெர்சி கண்ணில் படாமல்.
பட்டுவிட்டேன்.
பிஸியோ வேலை பார்க்கிறவள்; சிரிக்கக்கூட இல்லை.
"இத்தனை வருஷம் தூங்கினதை
ஒரே காலையில் உதைச்சு எழுப்பினா
கடிக்காம என்ன செய்யும்?
எட்டு நிமிஷம் போங்க. பேசிக்கிட்டே போங்க.
பேச்சு வரலைன்னா வேகம் ஜாஸ்தி."

யாரோடு பேச?
தெரிந்ததைப் பேசினேன்:
வில்லிவாக்கம் கொரட்டூர் பட்டரவாக்கம்
அம்பத்தூர் திருமுல்லைவாயில் அன்னனூர் ஆவடி.
இழுக்காமல் ஆவடி வந்தால் சரி.
அம்பத்தூரிலேயே இரைத்தால் காலைக் குறை.

எட்டு நிமிடம் என்பது
இஸ்திரி வண்டி வரை போய்த் திரும்புவது.
வாக்கிங் என்று வெளியே சொல்லவே கூச்சம்.
நிறைமாதக்காரி ஒருத்தி
என்னை முந்திக்கொண்டு போனாள்,
கையில் காய்கறிப் பை வேறு.

"எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கிற வண்டியும்
அரக்கோணம் போய்ச் சேருதுதானே"
என்று பக்கத்துக் கவுண்டர் சகாயராணி
தத்துவம் சொன்னாள்.
அன்று முழுக்க அவள் கேட்டபோதெல்லாம்
சில்லறை இல்லை என்றேன்.

பத்து நிமிடம். அதிலேயே ஒரு வாரம்.
பன்னிரண்டு.
ஐப்பசி மழை நான்கு நாள் தெருவை மூட,
வடிந்த பிறகு மறுபடி பத்து.
அழுகை வந்தது, பத்துக்குப் போனேன்.

வலியை ஒருவாறு சமாளித்துவிடலாம்.
சமாளிக்க முடியாதது ஒரு மார்கழிக் காலையில் வந்தது.
பனி. கால் இருப்பதே தெரியவில்லை.
வாய் ஆவடியைத் தாண்டி
இந்துக் கல்லூரி பட்டாபிராம் என்று
தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.
லோகோ சுவர் கண்ணுக்குத் தெரிகிறது.
போ, போ என்கிறது உடம்பு.
உள்ளே அந்த நானூறு மீட்டர்க்காரி
இரட்டைச் சடையில் ரிப்பன் முடிந்துகொண்டு
கோட்டில் குனிந்து நிற்கிறாள்.

அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.
திமிறினாள். வரமாட்டேன் என்றாள்.
இத்தனை மாதத்தில்
வியர்த்து விறுவிறுத்தது அப்போதுதான்.

கைவசம் மூச்சு மிச்சம் இருக்க
வீடு வந்தேன்.
மாடி ஏறியும் தீரவில்லை.
சட்னி அரைக்கும்போது ஏதோ முணுமுணுத்தேனாம்,
மகன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

இன்னும் வில்லிவாக்கம் போகவில்லை.

நேற்றுக் காலைக் கூட்டத்தில்
கண்ணாடிக்கு அடியில் ஐந்து ரூபாயைத் தள்ளி
"வில்லிவாக்கம் ஒண்ணு" என்றார் ஒருவர்.
நிமிராமல் அடித்துக் கொடுத்தேன்.
மேஜைக்கு அடியில்
இடது கெண்டைக்கால்
ஒரு தரம் துடித்து
அடங்கியது.