தொப்பி கவிழ்ந்தால் வானிலை

திங்கட்கிழமை, விடியாத ஐந்து மணி.
ஓல்போர் பஸ் பணிமனையின் சாப்பாட்டு அறையில்
ஒரு சட்டம் இருந்தது, மோயன்ஸ் போட்டது:
நேற்றிரவின் பாகத்தைப் பார்க்காதவர்
தொப்பியைக் கழற்றி மேசையில் கவிழ்க்க வேண்டும்.
ஒரு தொப்பி கவிழ்ந்தாலும்
எல்லோரும் வானிலை மட்டுமே பேச வேண்டும்.

நான் ஒருமுறைகூடக் கவிழ்த்ததில்லை.
ஒரு பாகம்கூடப் பார்த்ததுமில்லை.

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு
நாடே விளக்கைத் தணித்து உட்காரும்போது
பதினான்காம் தடத்துப் பஸ்ஸின் அடியில்
உப்புச் சேற்றைத் தண்ணீரால் அடித்துக்கொண்டிருப்பேன்.
அது யாருக்கும் தோன்றவில்லை.
முதல் வாரம் குட்ரூன் கேட்டாள்,
"பார்த்தாய்தானே, ப்ரீபன்?"
வாய் நிறைய ரொட்டி. தலையாட்டினேன்.
அப்புறம் எட்டு வாரம்
அந்தத் தலையாட்டலுக்கு வட்டி கட்டினேன்.

எனக்குக் கிடைத்த கதை இது:
ஒரு படகுத் துறை. மூன்று சகோதரிகள்.
அப்பாவின் கையெழுத்து,
அவர் செத்ததற்கு மறுநாள் போட்டது.
நடுச் சகோதரி இங்கெலிஸ பேசவே மாட்டாள்.
அந்தப் பேசாமையை குட்ரூன் நடித்துக் காட்டுவாள்:
பிளாஸ்க் மூடியைத் திருகுவாள், திருகுவாள்,
மூடி இறுகிய பிறகும் திருகுவாள்.
ஹென்னிங் மூச்சை அடக்கிக்கொள்வான்.
மூத்தவளை மோயன்ஸ் மன்னிக்கவே இல்லை;
கடனைத் திருப்பித் தராத மச்சினியைப் போலத் திட்டினான்.
மணவிலக்குக்குப் பிறகு
"ஆம்", "இல்லை", "டீசல்" என்று
மூன்றே சொல்லில் வாழ்ந்துவந்த ஆக்ஸல்
கையெழுத்து யார் போட்டது என்று
நாற்பது நிமிடம் வாதாடினான்.
முதல் பஸ் ஆறு நிமிடம் தாமதம்.
பழியைப் பனிமேல் போட்டோம்.

ஐந்தாம் வாரம் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.
"நீ ஒன்றுமே சொல்வதில்லையே."
தவறவிட்ட பொருட்களின் அலமாரியில்
யாரோ விட்டுப்போன பச்சைக் கோட்டு தொங்கியது.
என் வாய் அதைப் பிடித்துக்கொண்டது:
"நடைவழியில் மாட்டியிருந்ததே, பச்சைக் கோட்டு,
அது அந்த வீட்டில் யாருடையதும் இல்லையே."

அறை அப்படியே நின்றது.
காப்பி இயந்திரம் மட்டும் ஒருமுறை தும்மியது.
"அடப்பாவி," என்றான் மோயன்ஸ், மெதுவாக.
அன்றிரவே நால்வரும் மறுபடி போட்டுப் பார்த்தார்களாம்.
செவ்வாய்க்கிழமை ஹென்னிங் சத்தியம் செய்தான்:
இருக்கிறது. முப்பத்தோராம் நிமிடம். கதவுக்கு இடப்பக்கம்.
அதில் ஒரு பொத்தான் இல்லை என்பதுகூட
குட்ரூனுக்குத் தெரிந்திருந்தது.

கடைசிப் பாகம் வந்தது, போனது.
கோட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.
மோயன்ஸுக்கு அதுதான் பெருமை:
"நல்ல தொடர் எல்லாவற்றையும் சொல்லிவிடாது."

பிப்ரவரியில் முதுகு பிடித்து வீட்டில் கிடந்தபோது
எட்டுப் பாகத்தையும் பார்த்தேன்.
முகங்கள் எல்லாமே தப்பு.
இங்கெலிஸ ரொம்ப அழகு,
ஆனால் பேசாமலிருக்கத் தெரியவில்லை அவளுக்கு.
மூத்தவள் அப்படியொன்றும் கெட்டவளில்லை, பாவம்.
முப்பத்தோராம் நிமிடத்தில் நிறுத்தினேன்.
நடைவழி. கதவு. இடப்பக்கம்
ஒரு கொக்கி. வெறும் கொக்கி.
நெடுநேரம் பார்த்தேன்.
கண்ணைச் சுருக்கினால், ஒருவேளை,
இல்லை.

நேற்று புதுத் தொடர் ஆரம்பித்திருக்கிறது.
பஸ்ஸின் பக்கவாட்டில் அதன் விளம்பரம்:
ஒரு பாலம், ஒரு நர்ஸ்.
அவள் முகத்தில் சோப்பு போட்டவன் நான்.
காலையில் உள்ளே நுழையும்போதே
நால்வர் முகத்திலும் அந்தப் பழைய சிவப்பு.
தொப்பியைக் கழற்றினேன்.
கவிழ்த்தேன்.

"மேற்குக் காற்று," என்றான் மோயன்ஸ், சிரமப்பட்டு.
"வெள்ளிக்கிழமை பனி வரும்," என்றான் ஹென்னிங்.
ஆக்ஸல் யோசித்துவிட்டு, "ஆம்," என்றான்.
குட்ரூன் வானிலைக்கு ஒன்றும் சொல்லவில்லை.
ஆனால் அவள் கையிலிருந்த கரண்டி
காலிக் கோப்பைக்குள்
யாரோ ஒருத்தியின் கை போலச்
சுற்றிக்கொண்டே இருந்தது.