ஒரு படம்கூட வரையாத கார்டு

ஜும்பேர் அதைப் பழைய போர்வையில் சுற்றித் தந்தான்.
"நாலு வருஷம் நாணயம் தோண்டியது, எத்தேரி.
இரவு பகல் தெரியாது.
கிராபிக்ஸ் கார்டு என்று பேர்தான்,
ஒரு திரையைக்கூட அது பார்த்ததில்லை."
ஆற்றங்கரைக் கிடங்கில் நாற்பது கார்டுகள்
ஒரே சுவரில் இரைந்துகொண்டிருந்தனவாம்.
வெளியே பனி.
உள்ளே காவல்காரன் பனியனோடு.

குத்தாய்சியில் எங்கள் கட்டட லிப்ட்
காசு போட்டால்தான் ஏறும்.
இருபது தெத்ரியை விழுங்கிவிட்டு
ஏழாம் மாடிக்குத் தூக்கியது
என்னையும்,
காசாய்க் காய்த்துக் காய்த்துக்
கடைசியில் செருப்பு விலைக்கு வந்த இதையும்.

என் மடிக்கணினிக்கு ஒரு பக்கக் கீல் கிடையாது.
திரை சாயாமலிருக்க
பிளம் சட்னி போத்தல் முட்டுக்கொடுக்கிறது.
கவிழ்த்துப் போட்டு முதுகைத் திறந்தேன்.
பதினொரு திருகாணி.
ஒன்று மேசைக்கடியில் ஓடியது, ஓடட்டும்.
வைஃபை துண்டு குந்தியிருந்த இடம்தான்
உள்ளே போக ஒரே சந்து.
அதைப் பிடுங்கித் தீப்பெட்டியில் படுக்கவைத்தேன்.
படம் வேண்டுமென்றால்
ஊரோடு பேச்சு இல்லை.
பேரம் அவ்வளவுதான்.

சந்திலிருந்து நாடாபோல ஒரு கேபிள்,
நாடாவின் நுனியில் கார்டு,
கார்டின் வாயில் பழைய மானிட்டர்.
இவ்வளவுக்கும் தீனிபோட
யாரோ கழித்துக்கட்டிய மின்பெட்டி.
அதன் வயர்க்கொத்தில் பச்சையையும் கறுப்பையும்
ஒரு பேப்பர் கிளிப்பால் கோத்தால்
விழித்துக்கொள்ளும்.
கோத்தேன்.
கட்டடமே ஒருமுறை கண் சிமிட்டியது.

விளக்கு மங்குகிறதென்று சண்டைக்கு ஏறிவந்த
கீழ்வீட்டு நானுலி
வாசலிலேயே நின்றுவிட்டாள்.
"என்னடி இது, ஈரலை எடுத்து
மேசைமேல் வைத்தது மாதிரி?"
பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.
சண்டை அப்படியே நின்றுபோனது.

முதல் இரவு கறுப்பு.
மின்பெட்டி முதலில், மடிக்கணினி பிறகு;
வரிசை மாறினால் கறுப்புதான் என்பது
விடிகிறபோது தெரிந்தது.

இரண்டாம் இரவு ஒரு மஞ்சள் முக்கோணம்.
போதிய இடமில்லை. குறியீடு பன்னிரண்டு.
இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்பார்கள்.
இதுவோ படியேறி வந்து
இடமே இல்லையாமே என்று
வாசலில் நிற்கிறது.

உள்ளே பார்த்தேன்.
ஓத்தியா இதை வாங்கித் தந்த நாளில்
பெருமையாய்ச் சொன்ன சின்னச் சிப் ஒன்று,
வருஷக்கணக்காய் ஒன்றும் செய்யாமல்
இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு.
"முடக்கவா?" என்று கேட்டது கணினி.
அவன் போனபோது என்னை
யாரும் இப்படிக் கேட்கவில்லை.
ஆம் என்று அழுத்தினேன்.

மூன்றாம் இரவு
காற்றாடிகள் கொஞ்சம் தயங்கிச் சுழன்றன.
கிடங்கின் தூசி சூடாகி
அறையெல்லாம் ஒரு வாசனை,
இஸ்திரிபோட மறந்த சட்டை மாதிரி.
மானிட்டரில் வெளிச்சம்.

மேபிள் மர அலமாரி,
சாம்பல் நிறக் கல்மேடை,
இன்னும் யாரும் சமைக்காத சமையலறை.
மரச்சாமான் கடை மெராபுக்கு நான் வரைவது இதைத்தான்.
கல்மேடையில் எப்போதும் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பேன்;
வாங்குகிறவர்களுக்குப் பிடிக்கும்.
இந்த டம்ளர் ஒன்றுக்கே
ராத்திரி முழுக்க மூச்சுவாங்கும் என் கணினி.
இப்போது முதலில் எறும்பு மொய்த்தாற்போல் புள்ளிகள்,
பிறகு புள்ளிகள் அடங்கி ஒரு விளிம்பு,
விளிம்புக்குள் ஒளி வளைந்து இறங்கி
கல்லின்மேல் ஒரு நடுங்காத வட்டம்.
ஒன்பது நிமிஷம்.

நாலு வருஷம் எண்களையே மென்றது
முதன்முதலில் வரைந்தது
ஒரு டம்ளர் தண்ணீர் என்று
சொல்லத் தோன்றுகிறது.
அதற்கு இதுவும் கணக்குத்தான்.
தோண்டியதும் இதே கைதான்.

நானுலி மட்டும் திரையைப் பார்த்தபடியே
தாகமாயிருக்கிறது என்றாள்.
குழாயைத் திறந்து பிடித்துக் கொடுத்தேன்.

மெராபுக்கு அனுப்ப வேண்டும்.
இணையம் தீப்பெட்டிக்குள்.
பென் டிரைவைக் கோட்டுப் பையில் போட்டுத் துழாவினால்
காசு ஒன்றும் தட்டுப்படவில்லை.
ஏழு மாடி.
படியில் இறங்கினேன்.