புள்ளிக் கணக்கு

எங்கள் வளவில் பதினான்கு அறை,
பன்னிரண்டு பூட்டு.
திறந்திருக்கும் இரண்டில் ஒன்று ஆத்தாளுக்கு.
மற்றது பெங்களூரு கம்பெனியின் மனிதவளத் துறை.
ரவுட்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்கப்
பங்காளிகள் எல்லாரிடமும் சம்மதம் கேட்டோம்.
ஈப்போக்காரர் மட்டும் இன்னும் பதில் போடவில்லை.
ஆணி அடித்து நாலு வருஷமாகிறது.

நான் சிகப்பி. பள்ளத்தூர்.
இங்கிருந்துதான் வேலைக்கு எடுக்கிறேன்,
இங்கிருந்துதான் அனுப்புகிறேன்.
முதுகுக்குப் பின்னே ஒரு வெள்ளைப் போர்வை கட்டியிருக்கிறேன்.
தூண்கள் தெரிந்தால்
சம்பளம் பேச வந்தவர்கள் வீட்டைப் பற்றிப்
பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

கோயில் கணக்கில் நான் புள்ளி இல்லை,
கல்யாணம் ஆனால்தான் புள்ளி.
அப்பச்சி போனபின் ஆத்தா அரைப்புள்ளி.
கம்பெனிக் கணக்கில் நான் முழுசு.
பிள்ளைக்காகப் பாதி நேரத்துக்கு மாறிய ஃபர்ஹானா
அங்கே பூஜ்யம் புள்ளி ஐந்து.

பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால்
ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.
மேலாளர்கள் புள்ளிகளை எண்ணத் தொடங்கியதும்
மவுஸை ஆட்டும் கருவி ஒன்றை
ஆட்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
நானூற்றைம்பது ரூபாய். தூங்கினாலும் பச்சை.
எனக்குத் தெரியும்.
யாருக்கும் எழுதி அனுப்பவில்லை.

கணக்குப் பிரிவு வில்சன் தேவசகாயம்
இரண்டாம் அலையில், ஒரு செவ்வாய்க்கிழமை போனார்.
வெள்ளி மாலைவரை பச்சையாக இருந்தார்.
மனைவியும் ஆஸ்பத்திரியில்,
அணைக்க வீட்டில் ஆளில்லை.
வியாழனன்று மேலாளர் அவருக்கு எழுதியிருந்தார்:
இருக்கிறீர்கள் என்று தெரிகிறது, ஏன் பதில் இல்லை?

பட்டியலிலிருந்து அவரை எடுக்க
திரை காரணம் கேட்டது.
ராஜினாமா. நீக்கம். ஓய்வு. மற்றவை.
மற்றவையில் போட்டேன்.
அந்த மாதம் ஏழு பேரை மற்றவையில் போட்டேன்.
மறுவருஷம் மென்பொருளைப் புதுப்பித்தார்கள்,
ஐந்தாவதாக ஒரு வரி சேர்ந்திருந்தது.
பழையதைத் திருத்தலாமா என்றேன்.
முடிந்த கணக்கைத் திறக்க வழியில்லையாம்.

நேற்று பதினோரு அழைப்பு,
ஆளுக்கு எட்டு நிமிடம்.
வாசகம் சட்டப் பிரிவிலிருந்து வந்தது.
அதில் வருத்தம் ஒரே ஒரு இடத்தில்,
மூன்றாம் வரியில்.
ஒன்பதாவது ஆள் இளம்பரிதி, சோதனைப் பிரிவு.
பின்னணியில் எந்தக் கடலோ, இரண்டு தென்னை.
நான் மூன்றாம் வரிக்கு வந்தபோது
தெருவில் ஒரு ஆட்டோ ஒலிபெருக்கியோடு போனது:
ஓடாத மிக்ஸி, ஓடாத கிரைண்டர்,
எந்த நிலையில் இருந்தாலும் எடுத்துக்கொள்ளப்படும்.
இரண்டு நொடி கழித்து
அதே குரல், அதே மிக்ஸி,
என் ஹெட்ஃபோனுக்குள், அவர் பக்கமிருந்து.

இருவரும் பேசவில்லை.
தென்னை அசையவில்லை.

"மேடம், நீங்க பள்ளத்தூரா?"

அதற்கு வாசகத்தில் பதில் இல்லை.
ஊருணிக்கு அந்தப் பக்கம், மாடியில் வாடகைக்கு இருக்கிறாராம்.
மூன்று வருஷம் சம்பளம் போட்டிருக்கிறேன்.
ஒரே பால்காரர் இருவருக்கும்.

லேப்டாப்பைக் கூரியரில் அனுப்ப வேண்டும் என்பது விதி.
"நடக்கிற தூரம்தானே," என்றார்.

சாயங்காலம் முகப்பில் வந்து நின்றார்.
தோளுக்குக் கீழே அவரை முதல்முறை பார்க்கிறேன்,
கைலியும், செருப்பில் ஒட்டிய செம்மண்ணும்.
என்னைவிட அவர்தான் கூச்சப்படவில்லை.
பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.
சார்ஜர், ஹெட்செட், அடையாள அட்டை.
அதில் அலுவலகம் போகாத முகம்.
பெற்றுக்கொண்டேன் என்று ஒரு தாளில் எழுதி
தேதி போட்டுக் கொடுத்தேன்.
மடித்துச் சட்டைப் பையில் வைத்தவர்
அடியிலிருந்து சின்ன வட்டமாக ஒன்றை எடுத்தார்.
"இது என் காசுல வாங்குனது, மேடம். வச்சுக்கலாமா?"

தலையாட்டினேன்.

ஏழு அறையைத் தாண்டி உள்ளே வந்தேன்.
என் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள்.
மவுஸைத் தொட்டேன்.