ஒன்பதாம் வால்வு

பகாவில் இரவு ஷிப்ட்.
பால் ஆலைக்குப் பின்புறம்
காற்றுத் தொட்டி நுரைத்துக்கொண்டே இருக்கிறது.
பொங்கி வழிவதுமில்லை,
அடங்குவதுமில்லை.

ஆலை துப்புவதெல்லாம் என்னிடம்தான் வரும்:
அமிலத்தில் திரிந்த ரப்பர் பாலின் மிச்சத் தண்ணீர்,
அமோனியா,
தரை கழுவிய அழுக்கு,
யாரோ தவறவிட்ட ஒற்றைக் கையுறை.
என் மூக்கு முதல் வாரமே ராஜினாமா செய்துவிட்டது.
மீட்டர்களை நம்பித்தான் பிழைப்பு.

முதலில் கிருமிகள் தின்னும்.
அவற்றுக்குத் தீபாவளி லீவும் கிடையாது.
காற்று நின்றால் செத்துப்போகும்,
செத்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
அடுத்தது சவ்வு.
ஐம்பத்தெட்டு பார் அழுத்தத்தில்
தண்ணீரைச் சுவரோடு சேர்த்து நெருக்குகிறோம்.
கூட வந்தவர்களையெல்லாம் காட்டிக்கொடுத்துவிட்டு
அது மட்டும் தப்பி வருகிறது இந்தப் பக்கம்,
நிறமில்லாமல், மணமில்லாமல்,
எதுவும் நடக்காததுபோல.

அந்தப் பக்கம் நின்றுவிட்டதற்கு
ரிஜெக்ட் என்று பெயர்.
தே ஓ நிறம். கனம்.
கொதிக்கவைத்து, வற்றவைத்து, சுழற்றி உதறினால்
வெள்ளை வெளேரென்று உப்பு.
சமையலுக்கு ஆகாது.
மரத்துக்கு ஆகும்.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள்.
இங்கே தண்ணீரே உப்பைத் தின்றுவிட்டு வருகிறது.
குடிக்கப்போவது யார்
என்பதுதான் எல்லாக் கணக்கும்.

ரொபியுல் மூட்டை தைக்கிறான்.
குல்னா பக்கம் அவன் ஊர்.
கடல் வயலுக்குள் நடந்து வந்து
உப்பை வைத்துவிட்டுப் போய்விட்டதாம்,
அதற்கப்புறம் நெல் இல்லை.
இங்கே தண்ணீரிலிருந்து உப்பை எடுக்க
மூட்டைக்கு எண்பது சென்.
"அக்கா, இந்த மெஷின் எங்க ஊருக்கு வருமா?"
விலையைச் சொன்னேன்.
ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டான்.

மூட்டைகள் லாரியேறிச் செம்பனைக் காட்டுக்குப் போகும்.
என் வீட்டுக்காரர் குணாளன் அங்கேதான் உரம் போடுகிறார்,
மரத்துக்கு இரண்டு கிலோ, வட்டமாக.
சாயங்காலம் அவர் கையில்
என் வேலையின் வாசம்.
மழை பிடித்தால் அதில் பாதி
கால்வாய் தேடிப் போய்விடும் என்பதும்
இருவருக்கும் தெரியும்.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

டிசம்பரில் நாலு நாள் விடாத மழை.
தொட்டி கழுத்துவரை.
சவ்வு அடைத்துக்கொண்டு, முள் சிவப்பில் நடுங்க,
மிஸ்டர் ஊய் போனில் கத்தவில்லை,
மெதுவாகத்தான் சொன்னார்:
"ஒன்பதைத் திற, தமயந்தி.
மழையில் யார் பார்க்கப் போகிறார்கள்?"
ஒன்பதாம் வால்வு நேராக ஆற்றுக்கு.
சங்கிலி, பூட்டு,
சாவி என் இடுப்பில்.

திறந்தேன்.
பதினோரு நிமிடம்.
திறக்காமலிருந்தால் தொட்டி உடைந்து
முழுதும் போயிருக்கும் என்பது உண்மை.
பழைய சவ்வை மாற்றச் சொல்லி
மார்ச்சிலேயே நான் எழுதிக் கொடுத்ததும் உண்மை.
எந்த உண்மையும் அந்த நேரத்தில்
வால்வைத் திருப்ப வரவில்லை.
என் கைதான் திருப்பியது.

விடிந்ததும் பாலத்தில் மோட்டாரை நிறுத்திப் பார்த்தேன்.
ஆறு சேற்று நிறத்தில் வேகமாகப் போனது.
ஒரு தகர டின்,
ஒரு வாழை மட்டை.
என்னை அதற்கு அடையாளம் தெரியவில்லை.

பதிவேட்டில் அந்த இரவின் கட்டம்
மூன்று வாரம் காலியாகக் கிடந்தது.
ஒரு நாள் நீலப் பேனா தீர்ந்துபோக
சிவப்பில் எழுதினேன்:
வால்வு 9. பதினோரு நிமிடம். பூ. தமயந்தி.
ஊயிடம் சொல்லவில்லை.
குணாளனிடமும்.

இன்று ஜபாத்தானிலிருந்து நோரைனி வந்திருக்கிறாள்.
கண்ணாடிக் குவளையில் என் சுத்தமான தண்ணீரை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து,
"பாகுஸ்" என்றாள்.
இப்போது பதிவேடு.
எச்சில் தொடாமல், அவசரப்படாமல்
ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுகிறாள்.
விரல் நவம்பரில் இருக்கிறது.
டிசம்பருக்கு இன்னும் ஆறு பக்கம்.
ஏர்கான் ஓடுகிறது.
என் முதுகுச் சட்டையில்
தண்ணீர் போய்
உப்பு நிற்கிறது.