இருபது கிலோவுக்குக் கீழே

அறுபது டன் வரை நிறுக்கும் மேடை எங்களுடையது.
செம்பனைக் குலையோடு லோரி ஏறும்,
எண் நடுங்கும், நிற்கும், நான் சீட்டு அடிப்பேன்.
இருபது கிலோவுக்குக் கீழே
அதற்குக் கண் தெரியாது.

போன மார்ச்சில் பதினொரு நாள் விடுப்பு.
தங்கை இளவேனி யூட்டாவில் தாதி.
சிவப்பு மலை பார்க்க வா அக்கா என்றாள்.
சிவப்புக்கு நான் ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்,
ஆலைக்குப் போகும் சாலையே சிவப்புதானே,
ஒரு மழையில் நனைந்த என் வெள்ளைக் காலுறை
மறுபடி வெள்ளை ஆனதே இல்லையே
என்று சொல்லிக்கொண்டே
பாஸ்போர்ட் எடுத்தேன்.

ஐந்து நிலம் பள்ளிக்கூடத்தில் படித்தது.
நான்கை பஸ்ஸிலேயே பார்த்தாயிற்று.
பாலைக்கு மட்டும்
மூன்று விமானம் மாற வேண்டியிருந்தது.

முதல் நாளே மூக்கில் ரத்தம்.
காயப்போட்ட துண்டு
அரை மணியில் அப்பளமாக விறைத்தது.
பகாவில் அதே துண்டு மூன்று நாள் ஈரம் சொட்டும்.

தேசியப் பூங்கா என்றது பலகை.
பூவைக் காணோம்.
கல் நிற்கிறது. கல்மேல் கல் நிற்கிறது.
நடுவில் ஓட்டை விழுந்த கல்,
ஓட்டை வழியே இன்னொரு கல்.
எல்லோரும் வாய் பிளந்தார்கள்.
எனக்கு வேறு புத்தி:
ஒல்லிக் கழுத்தின்மேல் உட்கார்ந்திருக்கும்
அந்தப் பாறை எத்தனை டன்?
மூவாயிரத்துச் சொச்சம் என்றார் காவலர்.
சீட்டு அடிக்க முடியாத சரக்கு.

குடை விரித்தேன்.
கண்ணுக்கெட்டிய பாலை முழுக்க ஒரே ஒரு குடை.
அதன் கீழே உட்கார்ந்து
நெத்திலிச் சம்பலை ரொட்டியில் தடவிப் பசியாறினோம்.
இளவேனி விரலை நக்கினாள்,
பிறகு வெகுநேரம் மலையையே பார்த்தாள்.
ஏழு வருஷமாக ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று
நான் கேட்கவில்லை.
எங்கள் ஊரில் விடியற்காலை மூன்று மணிக்கும்
ஆலை இரையும், தவளை கத்தும்.
இங்கே ஒன்றுமில்லை.
காது வலித்தது.

இன்னொரு பலகை:
பாதையை விட்டு இறங்காதீர்,
இந்த மண்ணுக்கு உயிர் இருக்கிறது,
ஒரு காலடி ஆறப் பல ஆண்டாகும்.
சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.
பதினாறு வருஷமாக டயர்களை நிறுக்கிறேன்;
எங்கள் மண்ணுக்கு யாரும்
ஒரு பலகை நட்டதில்லை.

அப்புறம் நான் செய்தது.
சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தபோது
இலந்தைப்பழ அளவில் ஒரு கல்.
கைப்பைக்குள் போட்டேன்.
இளவேனி பார்க்கவில்லை. அல்லது பார்த்தாள்.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை,
லோரி வராத நேரம்,
மேடையின் நட்டநடுவில் அதை வைத்துவிட்டு
உள்ளே ஓடிவந்து எண்ணைப் பார்த்தேன்.
பூஜ்யம்.
நேப்பாளக் காவல்காரர் சிரித்தார்.
மேசை லாச்சிக்குள் போட்டேன்.
எப்போது இழுத்தாலும்
உருண்டு வந்து முன்னால் நின்றது.

ஒரு தாள் எடுத்து எழுதினேன்:
குடை விரித்த இடம் உனக்குத் தெரியும்,
அங்கேயே வைத்துவிடு.
கீழே கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது.
எப்போது வருகிறாய் என்று எழுதினேன்,
அடித்தேன்,
அதன் மேலேயே மறுபடி எழுதினேன்.

உள்ளே என்ன, என்றாள் அஞ்சலக ரொஸ்னானி.
அவள் மொழியில் சொன்னேன்: பத்து.
வரிசையில் பின்னால் நின்ற சின்னப்பொண்ணு அக்கா
எட்டிப் பார்த்தார்: பத்தா? பத்து என்னா?
ஒன்றுதான்க்கா, என்றேன். கல்.
கல்லுக்கா இவ்வளவு காசு கட்டுற?

ரொஸ்னானி உறையைத் தராசில் வைத்தாள்.
அசைந்தது.
நாற்பத்து மூன்று கிராம்.
கல் எவ்வளவு, தாள் எவ்வளவு என்று
அது பிரித்துச் சொல்லவில்லை.